மோட்டார் வாகன எஞ்சினைப் படகுக்கு மாற்றியமைத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) பரீட்சை வழிகாட்டி



அகத்தகன எஞ்சின், குளிர்த்தல் தொகுதி, உலோக அரிப்பு, வெப்பக் கணியம், நியூற்றனின் விதிகள் ஆகியவற்றை நீங்கள் தனித்தனிப் பாடங்களாகக் கற்றுள்ளீர்கள். இப்பாடத்தில் அவை யாவும் ஒரே இயந்திரத்தில் ஒன்றுசேர்கின்றன. கரையோரத்தில் வாழும் மாணவர்களுக்கு இது நன்கு பழக்கமான விடயம். ஏனையோரும் கற்ற கோட்பாடுகளைக் கொண்டு இதனை இலகுவாக விளங்கிக்கொள்ளலாம்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,
• காரில் எஞ்சின் செய்யும் வேலைக்கும் படகில் செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும்,
• மாற்ற வேண்டிய பகுதிகளையும் அப்படியே பயன்படுத்தக்கூடிய பகுதிகளையும் காரணங்களுடன் வேறுபடுத்தவும்,
• குளிர்நீர், படகின் வேகம், உருளைக் கொள்ளளவு தொடர்பான கணிப்புகளைச் செய்யவும்,
• படகிலுள்ளோரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளைக் கூறவும் முடியும்.

நிலைமை ஆய்வு

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை அண்டியுள்ளது உப்புவெளிக் கடற்கரை. அங்கே 28 அடி நீளமான படகொன்றை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். படகின் பழைய டீசல் எஞ்சின் இறுகிவிட்டது. புதிய கடல் எஞ்சின் வாங்கப் பணம் போதவில்லை. விபத்தில் சிக்கிய வான் ஒன்றின் பெற்றோல் எஞ்சின் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதனை வாங்கிப் படகில் பொருத்துகிறார். ரேடியேற்றரைக் கழற்றிவிட்டு, எஞ்சினுடன் வந்த பம்பியையே கொண்டு கடல்நீரை நேரே எஞ்சினுக்குள் ஓடவிடுகிறார். கரையில், பீப்பாய் நீரைக் கொண்டு ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கிறார். எந்தக் குறையும் தெரியவில்லை.

முதல் மாதம் தொழில் நன்றாக நடக்கிறது. பின்னர் வெப்பமானி சிறிது சிறிதாக உயர்கிறது. பெட்டியைத் திறந்தால் பெற்றோல் மணம் வருகிறது. நான்காவது மாதத்தில் ஒரு மாலை, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், எஞ்சினின் பக்கத்திலிருந்து நீர் பீறிட்டு எஞ்சின் நின்றுவிடுகிறது. படகில் மூவர் இருக்கின்றனர். வீசுவது கச்சான் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. எனவே நின்றுபோன படகு ஒவ்வொரு நிமிடமும் கரையைவிட்டு விலகிச் செல்லும்.

இவர் வாங்கிய எஞ்சின் கெட்ட எஞ்சின் அன்று. எனின் பிழை எங்கே? இவ்வினாவை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடருங்கள்.

1. இவ்வாறு மாற்றுவது புதிய விடயமா?

இல்லை. அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட போர்ட் மாடல் ரி காரின் எஞ்சின் பல மீன்பிடிப் படகுகளில் பொருத்தப்பட்டது. அதன் உச்ச வலு 20 பரிவலு மட்டுமே. ஆயினும் குறைந்த சுழற்சி வேகத்திலேயே அந்த வலுவைத் தந்ததால் அது படகுக்குப் பொருந்தியது. சுவீடனின் வொல்வோ பென்டா நிறுவனம் 1959 இல் அறிமுகஞ் செய்த அக்குவாமற்றிக் என்னும் படகு இயக்கத் தொகுதியும் வொல்வோ கார் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டதே. பிரித்தானியாவின் பி.எம்.சி. 1.5 லீற்றர் டீசல் எஞ்சின் கார்களிலும் வான்களிலும் ஓடியதுடன், கடல் வகையாகவும் விற்கப்பட்டது. இந்தியாவின் அம்பாசடர் டீசல் காரில் இருந்த 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னை எண்ணூரில் தொடங்கிய அசோக் லேலண்ட் நிறுவனம் தனது லொறி எஞ்சின்களின் அடிப்படையில் படகு எஞ்சின்களையும் தயாரிக்கிறது. தாய்லாந்தின் நீள்வால் படகுகளில் பழைய கார், லொறி எஞ்சின்கள் நீண்ட தண்டுடன் பொருத்தப்பட்டு இன்றும் ஓடுகின்றன.

ஆகவே வாகன எஞ்சின் படகுக்கு உதவாது என்று எழுதினால் அது பிழையான விடை. எஞ்சினின் உட்பகுதிகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, அதனைச் சூழ்ந்துள்ள தொகுதிகள் யாவும் கடலுக்கேற்ப மாற்றப்பட வேண்டும் என்பதே சரியான விடை. மேற்கூறிய நிறுவனங்கள் செய்ததும் இதையே.

கவனிக்க: உப்புவெளியில் நீங்கள் காணும் சிறிய கண்ணாடியிழைப் படகுகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் பின்புறத்தில் தொங்கும் 25 பரிவலு வெளியிணைப்பு எஞ்சினின் திணிவு ஏறத்தாழ 50 கிலோகிராம். கார் டீசல் எஞ்சின் ஒன்று கியர்ப்பெட்டியுடன் இதைப்போல் பல மடங்கு திணிவுடையது. எனவே எஞ்சினைத் தாங்கும் உறுதியான படுக்கையுடைய பெரிய படகுகளுக்கே இம்மாற்றம் உரியது. இலங்கையில் 1950களின் இறுதியில் அறிமுகமான 28 அடி, 3.5 தொன் உள்ளிணைப்பு எஞ்சின் படகுகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

2. சுமையில் உள்ள வேறுபாடு

சமதரையில் ஓடும் கார் தன் எஞ்சினின் உச்ச வலுவில் சிறு பங்கையே பயன்படுத்துகிறது. சாரதி காலை எடுத்தால் கார் உருண்டு செல்லும். எஞ்சின் ஓய்வு பெறும். மேட்டில் ஏறும்போது மட்டுமே முழு வலு தேவை. அப்போதும் கியரை மாற்றிச் சுமையைக் குறைக்கலாம்.

நீரின் அடர்த்தி காற்றினதைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. படகு எப்போதும் அந்நீரைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். கடுகண்ணாவ ஏற்றத்தில் கியரை மாற்றாமல், இடைவிடாது நான்கு மணித்தியாலம் ஏறும் காரை நினைத்துப் பாருங்கள். படகில் எஞ்சினின் நிலை அதுவே.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும்.

(அ) காருக்கு எழுதப்பட்டுள்ள உச்ச வலுவைப் படகில் தொடர்ந்து பெற முயலக்கூடாது. புரொப்பெலர் உறிஞ்சும் வலு அதன் சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏறத்தாழ நேர்விகித சமமானது. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் வலு 0.8 × 0.8 × 0.8 = 0.512, அதாவது ஏறத்தாழ பாதியாகும். வேகத்தில் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் எஞ்சினின் சுமையில் பாதி குறைகிறது.

(ஆ) அமுக்க விகிதத்தை உயர்த்துவதற்காக உருளைத் தலையைச் சீவுவதைத் தவிர்க்க வேண்டும். தொடர் சுமையில் பெற்றோல் எஞ்சினில் அடிப்பு ஏற்பட்டு முசலம் சேதமடையும்.

3. குளிர்த்தல் தொகுதி

எரிபொருளிலிருந்து வெளிவரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பயனுள்ள வேலையாகிறது. மூன்றிலொரு பங்கு வெளியேற்று வாயுவுடன் செல்கிறது. மிகுதி மூன்றிலொரு பங்கு குளிர்நீருக்குச் செல்கிறது. காரில் இவ்வெப்பத்தை ரேடியேற்றரினூடாகக் காற்று எடுத்துச் செல்லும். மூடிய படகுப் பெட்டியில் அந்தக் காற்றோட்டம் இல்லை. ஆனால் படகின் கீழே வற்றாத கடல்நீர் இருக்கிறது.

கடல்நீரை நேரே எஞ்சினுக்குள் விடலாமா? விடலாம், ஆனால் இரண்டு தீமைகள் உண்டு. முதலாவது அரிப்பு. இரண்டாவது உப்புப் படிவு. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் மிகவும் சூடாகும்போது கல்சியம் சேர்வைகள் போன்றவை குழாய்ச் சுவர்களில் படியும். கேத்தலின் அடியில் படியும் படிவைப் போன்றே இதுவும் வெப்பத்தை அரிதிற் கடத்தும். எனவே கடல்நீர் நேரே ஓடும் எஞ்சினில் வெப்பநிலைநிறுத்தி ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் திறப்பதாக இருக்க வேண்டும். கார்களில் இருப்பது 80 பாகைக்கு மேல் திறப்பது. அதனை அப்படியே விட்டால் படிவு விரைவாக உண்டாகும். மறுபுறம், 60 பாகையில் ஓடும் எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை அடைவதில்லை. உருளைத் தேய்வு கூடும்.

இவ்விரு சிக்கல்களையும் தீர்ப்பது வெப்பமாற்றி. இதில் இரண்டு நீரோட்டங்கள் உண்டு. நன்னீர் எஞ்சினுக்குள் மூடிய சுற்றாக ஓடும். கடல்நீர் மெல்லிய செம்புக் கலப்புலோகக் குழாய்களினூடாக ஓடி, நன்னீரின் வெப்பத்தை ஏற்று வெளியேறும். இரண்டும் கலப்பதில்லை. எஞ்சினுக்கு உப்பு தெரியாது. அது காரில் இருப்பதாகவே இயங்கும்.

கடல்நீரை எடுக்கத் தனிப் பம்பி தேவை. கார் எஞ்சினின் பம்பி மையநீக்க வகையைச் சேர்ந்தது. நிரம்பியுள்ள நீரைச் சுற்றியோட்டவே அது ஏற்றது. வெறுங்குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி நீரை மேலிழுக்க அதனால் இயலாது. வளையும் இறப்பர்ச் சுழலி கொண்ட பம்பி அதைச் செய்யும். ஆனால் நீரின்றி ஓடினால் இறப்பர் சிறிது நேரத்தில் கருகிவிடும். எனவே மேலதிகச் சுழலி ஒன்றைப் படகில் எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

உதாரணம் 1
ஒரு எஞ்சின் குளிர்நீருக்குச் செக்கனுக்கு 30 000 யூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. கடல்நீர் 28 பாகையில் உள்ளே சென்று 48 பாகையில் வெளியேற வேண்டும். கடல்நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4000 யூல்/கி.கி. பாகை எனக் கொள்க.

வெப்பக் கணியம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை ஏற்றம்
30 000 = திணிவு × 4000 × 20
திணிவு = 0.375 கி.கி. (ஒரு செக்கனில்)
ஒரு நிமிடத்தில் = 0.375 × 60 = 22.5 கி.கி.

அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 22 லீற்றர். இரண்டு பெரிய வாளி நீர்! நீரெடுப்புத் துளையில் ஒரு பொலித்தீன் பை ஒட்டிக்கொண்டால் எஞ்சின் ஏன் சில நிமிடங்களில் கொதிக்கிறது என்பது இப்போது விளங்கும். துளைக்கும் பம்பிக்கும் இடையே ஒரு வடியும், மூடத்தக்க வால்வும் கட்டாயம் இருக்க வேண்டும்.

4. அரிப்பு

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் தேவை. உப்பு அதனை விரைவுபடுத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். படகில் இதைவிடக் கடுமையான ஒன்றும் நிகழும். இரண்டு வேறுபட்ட உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி கடல்நீரில் இருந்தால் அது ஒரு மின்கலமாகிறது. தாக்குதிறன் கூடிய உலோகம் இலத்திரன்களை இழந்து கரைகிறது. குறைந்த உலோகம் பாதுகாக்கப்படுகிறது.

தாக்குதிறன் இறங்கு வரிசை: மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, வெள்ளீயம், ஈயம், செம்பு.

வெண்கலப் புரொப்பெலரும் உருக்குத் தண்டும் தொட்டால் உருக்கு கரையும். இதனைத் தடுக்க நாகத் துண்டொன்றை உருக்குடன் மின்தொடர்பில் இருக்குமாறு பொருத்துவர். நாகம் இரும்பிலும் தாக்குதிறன் கூடியதால் அதுவே முதலில் கரைகிறது. இது கதோட்டுப் பாதுகாப்பு எனப்படும். வெப்பமாற்றிக்குள்ளும் பென்சில் வடிவ நாகக் கோல் திருகப்பட்டிருக்கும். பாதி கரைந்ததும் அதனை மாற்ற வேண்டும். நாகத்தின் மேல் வர்ணம் பூசினால் அது நீரைத் தொடாது, பாதுகாப்பும் கிடைக்காது. இது பரீட்சையில் கேட்கத்தக்க ஒரு பிழை.

கார் எஞ்சினில் நேரடியாகப் பாதிக்கப்படும் மற்றொரு பகுதி, உருளைத் தொகுதியின் பக்கத்திலுள்ள வட்டமான மெல்லிய மூடிகள். கராஜ்களில் இவற்றைக் கோர் பிளக் என்பர். கார்களில் இவை மெல்லிய உருக்கினாலானவை. உப்புநீர் உள்ளிருந்தே இவற்றை அரித்துத் துளையிடும். பித்தளை அல்லது வெண்கல மூடிகளாக மாற்றுவது மிகச் சிறிய செலவு. ஆனால் எஞ்சினைப் பொருத்திய பின்னர் இவற்றைக் கை எட்டாது. எனவே எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

5. எரிபொருளும் தீ அபாயமும்

இப்பகுதியை மிகக் கவனமாகப் படியுங்கள். எஞ்சின் நின்றால் உதவி வரும்வரை காத்திருக்கலாம். தீப்பற்றினால் கடலில் ஒதுங்க இடமில்லை.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு அடர்த்தியானது. காரில் பெற்றோல் கசிந்தால் அது வீதியில் சொட்டி, ஆவி காற்றில் கலந்துவிடும். படகோ ஒரு கிண்ணம் போன்றது. ஆவி அடித்தளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெற்றோல் ஆவி இருந்தால் ஒரு தீப்பொறி போதும்; அது வெடிக்கும். ஒரு கன மீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின் பெட்டியில் 1.4 சதவீதம் என்பது 14 லீற்றர் ஆவி. ஏறத்தாழ அரைத் தேநீர்க் கோப்பைப் பெற்றோல் ஆவியானாலே இந்தளவு உண்டாகும்.

தீப்பொறி எங்கிருந்து வரும்? கார்களுக்கான தொடக்கி மோட்டர், டைனமோ, டிஸ்ரிபியூற்றர் ஆகியவற்றுள் சாதாரணமாகவே பொறிகள் தோன்றும். கடல் வகைகளில் அப்பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதவாறு உறைகள் அமைக்கப்பட்டிருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தவும் செய்யும். இங்கேதான் ஆபத்து. பொருந்துவதெல்லாம் பொருத்தமானதன்று.

காபுரேற்றரின் வாயில் தீச்சுவாலைத் தடுப்பி பொருத்த வேண்டும். எஞ்சின் பின்னோக்கிச் சுட்டால் சுவாலை இதில் அணைந்துவிடும். 1815 இல் ஹம்பிரி டேவி சுரங்கத் தொழிலாளருக்காக அமைத்த காப்பு விளக்கின் தத்துவமே இது. உலோக வலை வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், வலைக்கு அப்பாலுள்ள வாயு எரிபற்று வெப்பநிலையை அடைவதில்லை.

பெற்றோல் எஞ்சினை இயக்கும் முன் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்.
1. பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தல்.
2. அடித்தளக் காற்றை வெளியேற்றும் ஊதியை நான்கு நிமிடமாவது இயக்குதல்.
3. அதன் பின்னரே எஞ்சினைத் தொடக்குதல்.

1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்கள் பெற்றோர் கூறக் கேட்டிருப்பீர்கள். சிறிதளவு பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையே இதற்குக் காரணம். அதே இயல்பினால் அதன் தீ அபாயம் பெற்றோலினதைவிடக் குறைவு. டீசலும் அத்தகையதே. மேலும் டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறித் தொகுதியே தேவையில்லை. அமுக்கத்தால் உண்டாகும் வெப்பமே எரிபற்றச் செய்கிறது. ஆதலால் மூடிய பெட்டிக்குள் பொருத்துவதற்கு டீசல் எஞ்சினே சிறந்த தெரிவு.

6. வலுவைக் கடத்தல்

கார் எஞ்சின் உயர்ந்த சுழற்சி வேகத்தில் இயங்கும். பாரமான படகுக்குப் பெரிய புரொப்பெலர் மெதுவாகச் சுழல்வதே பயன்திறன் மிக்கது. எனவே குறைப்புக் கியர் கொண்ட கடற் கியர்ப்பெட்டி தேவை. 2.5 : 1 என்னும் விகிதத்தில் சுழற்சி வேகம் 2.5 மடங்கு குறையும். உராய்வைப் புறக்கணித்தால் முறுக்கம் 2.5 மடங்கு கூடும்.

கார்க் கியர்ப்பெட்டியைப் பயன்படுத்தினால் என்ன? நியூற்றனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். புரொப்பெலர் நீரைப் பின்தள்ள, நீர் புரொப்பெலரை முன்தள்ளுகிறது. அவ்விசை தண்டு வழியே முன்னோக்கி வரும். காரில் சில்லுகளின் விசை அச்சு வழியாக வாகனச் சட்டத்துக்குச் செல்வதால் கியர்ப்பெட்டிக்கு இத்தகைய தள்ளுதல் வருவதில்லை. கடற் கியர்ப்பெட்டியில் இதனைத் தாங்கவே உதைப்புப் போதிகை உண்டு. அது இல்லாவிட்டால் விசை முழுவதும் சுழற்றித்தண்டின்மேல் விழுந்து எஞ்சினை அழிக்கும்.

உதாரணம் 2
எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுழற்சி, குறைப்பு 2.5 : 1; புரொப்பெலரின் புரியிடை 0.30 மீற்றர், வழுக்கல் 40 சதவீதம். படகின் வேகம் யாது?

புரொப்பெலர் வேகம் = 3000 ÷ 2.5 = 1200 சுழற்சி/நிமிடம் = 20 சுழற்சி/செக்கன்
வழுக்கல் இல்லாவிடின் வேகம் = 20 × 0.30 = 6 மீற்றர்/செக்கன்
உண்மை வேகம் = 6 × 0.60 = 3.6 மீற்றர்/செக்கன்
= 12.96 கி.மீ./மணி, அதாவது ஏறத்தாழ 7 கடல்மைல்/மணி.

எஞ்சினையும் தண்டையும் ஒரே நேர்கோட்டில் அமைப்பதும் முக்கியம். இணைப்புத் தட்டுகள் இரண்டையும் நெருக்கி, சுற்றிலும் இடைவெளிமானியால் அளக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டில் வேறுபாடு 0.1 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. கரையில் நேராக்கினாலும், படகு நீரில் மிதக்கும்போது அதன் உடல் சிறிது வளையும். எனவே நீரில் இறக்கிய பின்னர் மீண்டும் அளக்க வேண்டும்.

7. வெளியேற்றுத் தொகுதி

கார் வெளியேற்றுக் குழாய் காற்றோட்டத்தால் குளிரும். படகுப் பெட்டிக்குள் அதே குழாய் செந்நிறமாகச் சூடேறி மரத்தையும் கண்ணாடியிழையையும் எரிக்கக்கூடும். எனவே நீருறை கொண்ட குழாய்த் தொகுதி பொருத்தி, வெப்பமாற்றியை விட்டு வரும் கடல்நீரை வாயுவுடன் கலந்து வெளியேற்றுவர். நீர் கலக்கும் இடம் எஞ்சினின் வெளியேற்று வாயிலிலும் தாழ்வாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நீர் பின்வாங்கி உருளைக்குள் புகும். நீர் அமுக்கப்படாதது, முசலம் மேலெழும்போது இணைப்புக்கோல் வளைந்துவிடும். மூட்டுகளில் கசிவு இருந்தால் காபனோரொட்சைட்டு பெட்டிக்குள் சேரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை.

8. எஞ்சினைக் கழற்றி மீளமைத்தல்

பழைய எஞ்சினைப் படகில் ஏற்றும் முன் முற்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். கடலில் திறந்து பார்க்க வசதியில்லை.

• உருளையின் விட்டத்தை மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்க. தேய்வு மிகுந்தால் உருளையைக் குடைந்து, பெரிய அளவு முசலமும் வளையங்களும் இடுக.
• சுழற்றித்தண்டின் கழுத்துகளை நுண்மானியால் அளந்து, தேவையாயின் அரைத்து, அதற்குரிய சிறிய அளவுப் போதிகைகளை இடுக.
• வால்வுகளை அவற்றின் இருக்கைகளில் அரைத்துப் பொருத்துக.
• எஞ்சின் சாய்வாகப் பொருத்தப்படுவதால் எண்ணெய் அளவுகோலின் குறியீடுகளைப் புதிதாக இடுக.

உதாரணம் 3
மொறிஸ் மைனர் 1000 காரின் தொடக்க கால எஞ்சினில் நான்கு உருளைகள், விட்டம் 62.94 மி.மீ., அடிப்பு நீளம் 76.2 மி.மீ. இதனை 0.50 மி.மீ. குடைந்தால் புதிய கொள்ளளவு யாது?

புதிய விட்டம் = 63.44 மி.மீ. = 6.344 செ.மீ.
ஓர் உருளையின் குறுக்குப் பரப்பு = 0.7854 × 6.344 × 6.344 = 31.61 ச.செ.மீ.
நான்கு உருளைகள் = 31.61 × 7.62 × 4 = 963 கன செ.மீ.

முன்பு 948, இப்போது 963. குடைவதன் நோக்கம் வலுவைக் கூட்டுவதன்று, தேய்ந்த சுவரைச் சீராக்குவதே என்பதை இதன்மூலம் அறியலாம்.

முசலம், வளையம், போதிகை, வால்வு, எண்ணெய் வடி ஆகியவை காருக்குரியவையாகவே இருக்கலாம். இவை நகரத்து உதிரிப்பாகக் கடைகளிலேயே கிடைக்கும். வாகன எஞ்சினைத் தெரிவுசெய்வதன் உண்மையான நன்மை இதுவே.

9. நிலைமைக்குத் திரும்புவோம்

உப்புவெளிப் படகுக்காரர் விட்ட பிழைகளை இப்போது நீங்களே கூறலாம். கரையில், சுமையில்லாமல், நன்னீரில் சோதித்தார். கடலின் சுமையும் உப்பும் அச்சோதனையில் இல்லை. வெப்பமாற்றி இன்றிக் கடல்நீரை ஓடவிட்டார். வெப்பநிலைநிறுத்தியையும் மாற்றவில்லை, படிவு உண்டாகி வெப்பமானி உயர்ந்தது. உருக்குக் கோர் பிளக்கை மாற்றவில்லை. நான்காம் மாதம் அது துளைத்து நீர் பீறிட்டது. பெற்றோல் மணத்தைப் பொருட்படுத்தவில்லை. அன்று எஞ்சின் மட்டும் நின்றது அவர்களின் நல்ல காலம்.

எஞ்சினின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவுசெய்ததே அடிப்படைப் பிழை. வெப்பமாற்றி, கடல்நீர்ப் பம்பி, கடற் கியர்ப்பெட்டி, வெளியேற்றுத் தொகுதி, பாதுகாப்பான மின்னுறுப்புகள் ஆகியவற்றின் விலையையும் கூட்டியே கணக்கிட வேண்டும். கூட்டுத்தொகை பயன்படுத்திய கடல் எஞ்சினின் விலையை நெருங்கினால் மாற்றத்தைக் கைவிடுவதே புத்தி. இலங்கையில் மீன்பிடிப் படகுகள் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்படுபவை. எஞ்சினை மாற்றும் முன் பிரதேசக் கடற்றொழில் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

பொழிப்பு

• படகில் எஞ்சின் தொடர் சுமையில் இயங்கும். உச்ச வேகத்தைத் தவிர்க்க வேண்டும்.
• நன்னீர் உள்ளே, கடல்நீர் வெளியே: இதுவே வெப்பமாற்றியின் பணி.
• நாகம் கரைந்து இரும்பைக் காக்கும்.
• பெற்றோல் ஆவி தாழ்ந்து தேங்கும், டீசல் பாதுகாப்பானது.
• உந்துவிசையை உதைப்புப் போதிகை தாங்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கார் ரேடியேற்றரைப் படகுப் பெட்டிக்குள் பொருத்தினால் போதிய குளிர்த்தல் கிடைக்காதது ஏன்?
2. செக்கனுக்கு 20 000 யூல் வெப்பத்தை, 25 பாகை வெப்பநிலை ஏற்றத்துடன் அகற்ற நிமிடத்துக்கு எத்தனை கி.கி. கடல்நீர் தேவை?
3. நாகத் துண்டுக்கு வர்ணம் பூசக்கூடாது. காரணம் தருக.
4. காருக்குரிய தொடக்கி மோட்டர் பெற்றோல் படகுக்கு ஆபத்தானது. விளக்குக.
5. எஞ்சின் வேகத்தை 90 சதவீதமாகக் குறைத்தால் புரொப்பெலருக்குத் தேவைப்படும் வலு எத்தனை சதவீதமாகும்?

விடைக் குறிப்புகள்

1. மூடிய பெட்டியில் காற்றோட்டம் இல்லை. வெப்பம் ஏறிய காற்றே மீண்டும் மீண்டும் ரேடியேற்றரைக் கடக்கும்.
2. 20 000 ÷ (4000 × 25) = 0.2 கி.கி./செக்கன், நிமிடத்துக்கு 12 கி.கி.
3. நாகம் கடல்நீரைத் தொடாவிடின் மின்கலம் பூரணமாகாது, இரும்பு பாதுகாக்கப்படாது.
4. உள்ளே தோன்றும் பொறி, தேங்கிய ஆவியைப் பற்றவைக்கும். கடல் வகையில் அதைத் தடுக்கும் உறை உண்டு.
5. 0.9 × 0.9 × 0.9 = 0.729, ஏறத்தாழ 73 சதவீதம்.

செயற்பாடு: உங்கள் ஊரிலுள்ள இறங்குதுறைக்கு ஆசிரியருடன் சென்று, உள்ளிணைப்பு எஞ்சின் படகு ஒன்றைப் பார்வையிடுங்கள். நீரெடுப்பு வால்விலிருந்து வெளியேற்றுக் குழாய் வரை கடல்நீர் செல்லும் பாதையைப் படமாக வரையுங்கள். கப்டனிடம் நாகத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்க மறவாதீர்கள்.